வீரனுக்கு என்ன விலை? மாட்டுத்தாவணி முதல் ஐ.பி.எல். ஏலம் வரை

மதுரைக்கு பஸ்ஸில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களுக்கு மாட்டுத்தாவணி என்றால் பஸ் ஸ்டாண்ட் மட்டும்தான். ஆனால் பெயரைக் கொஞ்சம் கவனித்தால் விஷயம் புரிந்துவிடும். தாவணி என்றால் மாடுகளை வரிசையாகக் கட்டி வைத்து விற்கும் இடம். ஒரு காலத்தில் அங்கே நடந்தது மாட்டுச் சந்தை.

நம் ஊர் மாட்டுச் சந்தைகளில் விலை பேசும் முறையே தனி. தரகர் ஒரு துண்டைக் கையில் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டுத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு என்ன விலை என்று தெரியாது. வாங்க வந்தவர் மாட்டின் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். ஆனால் கடைசியாக அவர் பார்ப்பது தன் மடியில் இருக்கும் பணத்தை. உழவு மாடு வாங்க வந்தவருக்கு வேண்டியது ஒரு ஜோடி. நல்ல மாடு என்று ஒன்றுக்கே எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டால், இன்னொன்றை எதைக் கொடுத்து வாங்குவது? ஒற்றை மாட்டை வைத்து ஏர் பூட்ட முடியாதே!

இன்றைய ஐ.பி.எல். ஏலத்தில் கோடிகளில் நடக்கும் கணக்கும் இதேதான். இதைப் புரிந்துகொள்ள ஒரு மதுரை உதாரணமே கையில் இருக்கிறது.

உச்சவரம்பு எங்கிருந்து வந்தது?

ஒரு டீம் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வைக்கும் எல்லைதான் சம்பள உச்சவரம்பு. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். இதை 1994-ல் கொண்டுவந்தது. அந்த வருடம் ஒரு டீமுக்கான எல்லை 3 கோடியே 46 லட்சம் டாலர். காரணம் சுலபமானது. பணக்கார முதலாளி எல்லா நல்ல வீரர்களையும் வாங்கிவிட்டால் போட்டியே இருக்காது. யார் ஜெயிப்பார் என்று முன்பே தெரிந்த ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?

இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2008-ல் ஐ.பி.எல். ஆரம்பித்தபோது இதே யோசனையை எடுத்துக்கொண்டது. 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் முதல் ஏலம். ஒரு டீமின் பர்ஸ் 50 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 20 கோடி ரூபாய்.

அதோடு ஒரு சின்ன விதியும் இருந்தது. சச்சின், டிராவிட், கங்குலி, சேவாக், யுவராஜ் ஆகிய ஐந்து பேரும் 'ஐகான்' வீரர்கள். அவரவர் ஊர் டீமுக்கே போனார்கள். அந்த டீமில் அதிகச் சம்பளம் வாங்குபவரை விட 15 சதவீதம் கூடுதலாக அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். சென்னைக்கு ஐகான் வீரர் கிடையாது. பார்த்தால் இது ஒரு குறை மாதிரி தெரியும். உண்மையில் அதுதான் சென்னைக்கு அடித்த லாட்டரி!

எப்படி? தோனியைச் சென்னை சூப்பர் கிங்ஸ் 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. மீதி 35 லட்சம் டாலர். இதே விலையை மும்பை கொடுத்திருந்தால், சச்சினுக்கு அதைவிட 15 சதவீதம் அதிகமாக, அதாவது 17 லட்சத்து 25 ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டி வந்திருக்கும். இரண்டு பேருக்கு மட்டும் 32 லட்சத்து 25 ஆயிரம் டாலர். மீதி டீமை 17 லட்சத்து 75 ஆயிரம் டாலரில் கட்ட வேண்டும்.

தோனி ஒரே ஆள்தான், ஏலத்தில் சொல்லும் விலையும் ஒன்றுதான். ஆனால் சென்னைக்கு ஆகும் செலவு வேறு, மும்பைக்கு ஆகும் செலவு வேறு. உச்சவரம்பு இருக்கும் இடத்தில் வீரனின் உண்மையான விலை அவனுக்குக் கொடுக்கும் பணம் அல்ல. அவனை எடுத்ததால் எடுக்க முடியாமல் போகும் மற்றவர்கள்தான் அந்த விலை.

மதுரை டீமில் ஒரு ஸ்பின்னர்

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆரம்பித்தது. மதுரைக்கும் ஒரு டீம் கிடைத்தது. 2018-ல் அது மதுரை பேந்தர்ஸ் என்ற பெயரில் ஆடியது. அந்த வருடம் ஆகஸ்ட் 12 அன்று சேப்பாக்கத்தில் நடந்த ஃபைனலில் பக்கத்து ஊரான திண்டுக்கல் டிராகன்ஸை 7 விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்து முதல் முறையாகக் கோப்பையை வாங்கியது.

அந்த டீமில் ஆடியவர் வருண் சக்கரவர்த்தி. கட்டிடக் கலை படித்து, அந்த வேலையும் பார்த்துவிட்டு, மீண்டும் கிரிக்கெட்டுக்கு வந்தவர். அந்த சீசனில் அவர் எடுத்தது 9 விக்கெட்தான். ஆனால் ஓவருக்கு 4.7 ரன் மட்டுமே கொடுத்தார். இருபது ஓவர் ஆட்டத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. தொடர்ந்து விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாட்டுக்காக ஆடி 22 விக்கெட் எடுத்தார்.

2018 டிசம்பர் 18, ஜெய்ப்பூர் ஏலம். வருணின் அடிப்படை விலை 20 லட்சம். போட்டி போட்டு ஏறி ஏறி, கிங்ஸ் லெவன் பஞ்சாப் 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. அடிப்படை விலையைப் போல 42 மடங்கு! அந்த வருட ஏலத்தில் உனாட்கட்டோடு சேர்ந்து இதுவே அதிக விலை. நான்கு மாதத்துக்கு முன் மதுரை டீமுக்கு ஆடிக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் கோடீஸ்வரர்.

அடுத்து நடந்தது சோகம். 2019 மார்ச் 27 அன்று ஈடன் கார்டனில் முதல் ஆட்டம். போட்ட முதல் ஓவரிலேயே 25 ரன் போனது. பிறகு காயம். அந்த சீசனில் அவர் ஆடியது அந்த ஒரே ஒரு ஆட்டம். பஞ்சாப் அவரை விட்டுவிட்டது. 2019 டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் 4 கோடிக்கு எடுத்தது.

ஒரு வருடத்தில் பாதி விலைக்கும் கீழே! அவருடைய திறமை பாதியாகிவிட்டதா? இல்லை. 2020-ல் கொல்கத்தாவுக்கு 17 விக்கெட், 2021-ல் 18 விக்கெட். பஞ்சாப் செய்த தவறு ஆளைத் தேர்ந்தெடுத்ததில் இல்லை. காத்திருக்காமல் விட்டதில்தான் இருந்தது.

8 கோடி எப்படி 12 கோடி ஆனது?

2022 சீசனுக்கு முன்பு பெரிய ஏலம் வந்தது. ஒவ்வொரு டீமும் நான்கு பேர் வரை தக்கவைத்துக்கொள்ளலாம். பர்ஸ் 90 கோடி. நான்கு பேரை வைத்துக்கொண்டால் பர்ஸில் இருந்து 16, 12, 8, 6 என மொத்தம் 42 கோடி கழியும்.

கொல்கத்தா ரஸல், வருண், வெங்கடேஷ் ஐயர், நரைன் ஆகிய நால்வரைத் தக்கவைத்தது. வருணுக்குச் சம்பளம் 8 கோடி. ஆனால் பர்ஸில் இருந்து கழிந்தது 12 கோடி! ரஸலுக்கு 12 கோடி, கழிந்தது 16 கோடி. அதாவது கையில் கொடுக்காத பணமும் கணக்கில் செலவாகிவிட்டது. மிச்சம் 48 கோடி.

இந்த நால்வருக்காகக் கொல்கத்தா விட்டுக்கொடுத்தவர்களில் ஒருவர் சுப்மன் கில். அவரைப் புது டீமான குஜராத் ஏலத்துக்கு முன்பே 8 கோடிக்கு எடுத்துக்கொண்டது. 2023 சீசனில் கில் அடித்தது 890 ரன். வருணின் விலையை எழுதும்போது இந்த 890 ரன்னையும் சேர்த்து எழுத வேண்டும். மறுபக்கம், 2023-ல் வருணுக்கு 20 விக்கெட். 2024-ல் 21 விக்கெட். அந்த வருடம் சேப்பாக்கத்தில் நடந்த ஃபைனலில் ஜெயித்து கொல்கத்தா கோப்பையை வாங்கியது. நஷ்டமா லாபமா என்று ஒரே வரியில் சொல்ல முடியாது.

2025 சீசனுக்கு வருணை 12 கோடிக்குத் தக்கவைத்த கொல்கத்தா, கோப்பை வாங்கித் தந்த கேப்டன் ஷ்ரேயாஸ் ஐயரை விட்டுவிட்டது. ஏலத்துக்குப் போகும்போது கையில் 51 கோடி. அதில் 23 கோடியே 75 லட்சத்தை வெங்கடேஷ் ஐயர் ஒருவருக்கே கொடுத்தது. கிட்டத்தட்ட பாதி! கொல்கத்தா அந்த சீசனில் எட்டாவது இடம். ஷ்ரேயாஸை எடுத்த பஞ்சாப் ஃபைனல் வரை போனது. 2025 நவம்பரில் வெங்கடேஷ் ஐயரையும் விடுவித்தார்கள். ஒற்றை மாட்டை வைத்து ஏர் பூட்ட முடியாது என்பது இதுதான்.

துண்டுக்குள் விரல்

எல்லாக் கணக்கும் வெளிப்படை என்று நினைத்துவிட வேண்டாம். 2012 ஏலத்தில் ஒவ்வொரு டீமும் அதிகபட்சம் 20 லட்சம் டாலர்தான் செலவு செய்யலாம். ஜடேஜாவுக்குச் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் அந்த எல்லை வரை போய் நின்றுவிட்டன. என்ன செய்வது? இரண்டு டீமும் ஒரு தொகையை ரகசியமாக எழுதிக் கொடுத்தன. சென்னை ஜெயித்தது. எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. அந்தத் தொகை ஜடேஜாவுக்கும் போகவில்லை, வாரியத்துக்குப் போனது. மாட்டுத்தாவணித் துண்டு ஏல மண்டபத்துக்கும் வந்துவிட்டது!

டிரேட் என்னும் வீரர் மாற்றமும் அப்படித்தான். 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியாவைக் குஜராத்தில் இருந்து மும்பை 15 கோடி சம்பளத்தில் கொண்டுவந்தது. பர்ஸில் இடம் வேண்டுமே? அதற்காகக் கேமரூன் கிரீனை 17 கோடியே 50 லட்சம் சம்பளத்தோடு பெங்களூருக்குக் கொடுத்தது. ஒருவர் வர வேண்டுமென்றால் இன்னொருவர் போக வேண்டும்.

2025 நவம்பரில் நடந்த டிரேட் இன்னும் சுவாரசியமானது. ராஜஸ்தானில் இருந்து சஞ்சு சாம்சன் 18 கோடிக்குச் சென்னைக்கு வந்தார். சென்னையில் இருந்து ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். கரனுக்கு 2 கோடியே 40 லட்சம். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியில் இருந்து 14 கோடியாகக் குறைக்கப்பட்டது.

ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னைக்கு 20.4 கோடி போய் 18 கோடி வந்தது, மிச்சம் 2.4 கோடி. ராஜஸ்தானுக்கு 18 கோடி போய் 16.4 கோடி வந்தது, மிச்சம் 1.6 கோடி. இரண்டு டீமுக்குமே லாபம்! இரண்டையும் கூட்டினால் 4 கோடி. அது ஜடேஜாவின் சம்பளத்தில் குறைந்த அதே 4 கோடி.

உச்சவரம்பு யாருக்கு நல்லது?

உச்சவரம்பினால் போட்டி சமமாகிறது. அது உண்மை. ஆனால் அதன் இன்னொரு பக்கத்தை ரசிகர்கள் பேசுவதே இல்லை.

2023 முதல் 2027 வரை ஐந்து வருட ஒளிபரப்பு உரிமையை வாரியம் 48,390 கோடிக்கு விற்றது. வருடத்துக்குச் சுமார் 9,678 கோடி. 2025-ல் ஒரு டீமின் பர்ஸ் 120 கோடி. பத்து டீமும் முழுதாகச் செலவு செய்தாலும் 1,200 கோடி. ஒளிபரப்பு வருமானத்தில் எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. டிக்கெட், விளம்பரம் எல்லாம் சேர்த்தால் பங்கு இன்னும் குறையும். அமெரிக்காவில் என்.எஃப்.எல். வீரர்களுக்குச் சங்கம் உண்டு. சங்கம் லீக்கோடு உட்கார்ந்து பேசித்தான் உச்சவரம்பு முடிவாகிறது. 2020-ல் போட்ட ஒப்பந்தப்படி வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகிறது. இந்தியாவில் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்கு அப்படி ஒரு சங்கம் கிடையாது. எல்லையை வாரியமே வைக்கிறது.

கோடிகளைப் பார்த்து வாய் பிளக்கும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதே முறை இப்போது நம் ஊருக்கும் வந்துவிட்டது. தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் ஏலம் 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் நடந்தது. ஒரு டீமுக்கு 70 லட்சம். சாய் சுதர்சனைக் கோவை 21 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எடுத்தது. அப்போது குஜராத் அவருக்கு ஐ.பி.எல்.லில் கொடுத்ததே 20 லட்சம்தான்! பர்ஸில் 31 சதவீதம் ஒருவருக்கு. 2008-ல் சென்னை தோனிக்குக் கொடுத்தது 30 சதவீதம். தொகை எங்கேயோ இருந்தாலும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மதுரை பேந்தர்ஸ் அந்த ஏலத்தில் இந்திய அணி வீரரான வாஷிங்டன் சுந்தரை 6 லட்சத்து 75 ஆயிரத்துக்கே எடுத்துவிட்டது. பர்ஸில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இந்திய அணிக்கு ஆடுபவர் எத்தனை ஆட்டத்துக்கு வர முடியும் என்பதும் விலையில் சேரும். பெரிய பெயருக்குப் பெரிய விலை என்பது கட்டாயம் இல்லை.

2025 அக்டோபரில் மதுரை சிந்தாமணியில் புதிய கிரிக்கெட் ஸ்டேடியத்தைத் திறந்துவைக்கத் தோனி வந்தார். இனி அங்கே பந்து போடும் பையன்களில் ஒருவன் நாளை ஏலத்துக்குப் போகலாம். அன்று அவனுக்கு 20 லட்சம் என்பார்கள், 8 கோடி என்பார்கள், அடுத்த வருடமே பாதி என்பார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் அது அவனைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. வாங்குபவரின் மடியில் எவ்வளவு இருந்தது, வாங்க இன்னும் எத்தனை பேர் பாக்கி இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மாட்டுத்தாவணியில் நின்ற விவசாயிக்கு இது தெரியும்.