மணற்கடதாசிக்குச் சவரம்

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முன்னோர் மொழி. அம்முன்னோர் தொலைக்காட்சியைக் கண்டாரல்லர். ஆயினும், தொலைக்காட்சி விளம்பரங்களின் பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர், இம்மொழி அவற்றுக்கென்றே கூறப்பட்டதோ என ஐயுறுவர்.

அவ்வரலாறு மிக அடக்கமாகவே தொடங்கிற்று. 1941 ஆம் ஆண்டு யூலை மாதம் 1 ஆந் திகதி, நியூயோர்க் நகரில், புறூக்ளின் அணிக்கும் பிலடெல்பியா அணிக்கும் இடையே நடைபெறவிருந்த பேஸ்போல் ஆட்டத்தை ஒளிபரப்ப ஏற்பாடாகியிருந்தது. அந்நகரில் அப்பொழுதிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் சில ஆயிரமே. ஆட்டத்திற்கு முன், ஐக்கிய அமெரிக்காவின் தேசப்படமும் அதன்மேல் ஒரு மணிக்கூட்டின் முகமும் திரையில் தோன்றின. அமெரிக்கா முழுவதும் புலோவா நேரப்படியே இயங்குகின்றது என ஒரு குரல் அறிவித்தது. அவ்வளவே. இதற்குக் கம்பனி செலுத்திய தொகை 9 டொலர். ஒரு தேசத்தையே தன் மணிக்கூட்டினுள் அடக்கிய பெருமைக்கு இது மலிவான விலையேயாம்.

இங்கிலாந்திலோ விளம்பரம் என்ற பேச்சே பெரும் அச்சத்தை விளைவித்தது. பி.பி.சி.யை வளர்த்தெடுத்த றீத் பிரபு, 1952 ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் உரையாற்றியபோது, வர்த்தக ஒலிபரப்பைப் பெரியம்மையோடும் கொள்ளைநோயோடும் ஒருங்கு வைத்துப் பேசினார். மூன்றாண்டுகள் கழிந்தபின், 1955 செப்டெம்பர் 22 ஆந் திகதி இரவு, இலண்டனில் முதலாவது விளம்பரம் திரையில் தோன்றிற்று. பனிக்கட்டிப் பாளத்தினுள் பதிக்கப்பெற்ற கிப்ஸ் எஸ்.ஆர். பற்பசைக் குழாய் ஒன்று அதிற் காட்சியளித்தது. கொள்ளைநோயை எதிர்பார்த்திருந்தோர்க்கு வந்து சேர்ந்தது பற்பசை!

ஆயினும், றீத் பிரபுவின் அச்சம் முற்றிலும் வீணானதன்று. 1950 களின் இறுதியில் அமெரிக்காவில் ஓர் அற்புதக் காட்சி காட்டப்பெற்றது. தச்சர் மரத்தை மினுக்கப் பயன்படுத்தும் மணற்கடதாசியின்மீது கொல்கேற் பாமோலிவ் கம்பனியின் 'றப்பிட் சேவ்' என்னும் சவர நுரை பூசப்பட்டது. உடனே ஒரு சவரக்கத்தி ஒரே இழுப்பில் மணலனைத்தையும் வழித்துச் சென்றது. மணற்கடதாசிக்கே சவரம் செய்யவல்ல நுரைக்கு மனிதர் தாடி எம்மாத்திரம் எனக் கண்டோர் வியந்தனர்.

உண்மையில், திரையிற் கண்டது கடதாசியே அன்று; மணல் தூவப்பெற்ற கண்ணாடி போன்றதொரு பிளாத்திக்குத் தகடு. மெய்யான மணற்கடதாசியையும் வழிக்க இயலும். ஆனால், ஏறத்தாழ 80 நிமிடம் அது நுரையில் ஊறுதல் வேண்டும். இக்கணக்கின்படி, காலையில் அலுவலகம் செல்வோன் கோழி கூவுமுன்னரே நுரையைப் பூசிக்கொண்டு தவமிருக்க வேண்டியவனாவான்.

கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு தொடுத்த இவ்வழக்கு, அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்று 1965 இல் தீர்ந்தது. நீதிமன்றம் ஒரு நுண்ணிய வேறுபாட்டை எடுத்துக் காட்டிற்று. விளக்கின் வெப்பத்தில் ஐஸ்கிறீம் உருகுமாதலின், ஒரு காட்சியில் அதற்குப் பதிலாக மசித்த உருளைக்கிழங்கை வைத்தல் குற்றமாகாது. ஆனால், உங்கள் கண்ணாலேயே சான்றைக் காண்மின் என்று கூறி, வேறொரு பொருளைச் சொல்லாமற் காட்டுதல் வஞ்சனையாகும். அப்பாலும் பாடம் முற்றும் படிந்ததாகக் கூறவியலாது. காய்கறித் துண்டுகள் அடியிற் படியாது மேலே மிதந்து தோன்றும்பொருட்டு, சூப்பின் அடியில் சிறுவர் விளையாடும் கண்ணாடிப் போளைகளை இட்டுப் படமெடுத்த கம்பல் கம்பனி, 1970 இல் அதே ஆணைக்குழுவின் கட்டளைக்கு உள்ளாயிற்று.

போளையும் மணலும் நகைப்போடு தீர்ந்தன. சிகரெட்டின் கதை அத்தகையதன்று. புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டோல், ஹில் என்னும் ஆய்வாளர் இருவர் 1950 ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எடுத்துக் காட்டினர். அக்காலத்து அமெரிக்கத் திரையிலோ மருத்துவரே சிகரெட்டுக்கு நற்சான்று வழங்கினர். கமெல் சிகரெட்டின் ஆதரவில் நிகழ்ந்த செய்தி நிகழ்ச்சியில் எவரும் சுருட்டுடன் தோன்றலாகாது என்றொரு விதி இருந்தது. வின்ஸ்டன் சேர்ச்சிலுக்கு மாத்திரம் விலக்கு அளிக்கப்பட்டது! 1960 இல் தொடங்கிய 'பிளின்ற்ஸ்டோன்ஸ்' என்னும் சித்திரத் தொடரின் கற்கால மனிதரும், மனைவியரை வேலை செய்ய விட்டு, வீட்டின் பின்புறம் ஒதுங்கிச் சிகரெட்டுப் புகைத்தனர். அத்தொடரைக் குழந்தைகளும் விரும்பிக் கண்டனர்.

பிரித்தானியா 1965 ஓகஸ்ட் 1 ஆந் திகதி முதல் தொலைக்காட்சியிற் சிகரெட்டு விளம்பரத்தைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அத்தடை 1971 சனவரி 2 ஆந் திகதியே நடைமுறைக்கு வந்தது. புத்தாண்டின் முதல் நாளிலேயே தொடங்காமைக்குக் காரணம் உண்டு. அன்று நடைபெறும் உதைபந்தாட்டங்களின் விளம்பர வருவாயை ஒளிபரப்பு நிலையங்கள் இழக்க மனங்கொள்ளவில்லை. தொலைக்காட்சி 1979 இலேயே வந்தடைந்த இலங்கையில், புகையிலை விளம்பரம் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடுக்கப்பட்டது.

பழைய விளம்பரங்களைக் கண்டு இன்று நகைப்பது எளிது. அவற்றை அன்று கண்டோர் நகைத்திலர். நம்பிப் பொருளை வாங்கினர். தீர விசாரித்தவர்கள் அன்றும் இருந்தனர். அவர்கள் கண்ட மெய் 1950 இல் வெளிவந்தது. பொய் அமெரிக்கத் திரையைவிட்டு அகல மேலும் 20 ஆண்டுகளுக்கு மேலாயின. அவ்விடைக்காலத்திற் புகைக்கப் பழகியோருள் நோயுற்று மாண்டோர் பலர். மணற்கடதாசியை நம்பியவன் இழந்தது ஒரு டப்பா நுரையின் விலை. மருத்துவரின் வெண்ணிற அங்கியை நம்பியவன் இழந்ததற்கு விலை கூறுவார் எவருமில்லை.