நத்தாரும் ஓய்வுரிமையும்: இங்கிலாந்து வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

பண்டிகைகளின் தோற்றத்தை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் மூலக்கதைகளையும் சடங்குகளையுமே நாடுவர். நத்தார் பற்றிய ஆய்வுகளும் இதற்கு விலக்கல்ல. டிசெம்பர் 25ஆம் திகதி உரோமாபுரியில் 336ஆம் ஆண்டளவில் கிறிஸ்துவின் பிறந்த தினமாகக் கொள்ளப்பட்டமைக்குச் சான்றுண்டு. அத்திகதி சூரிய வழிபாட்டிலிருந்து பெறப்பட்டதா, திருச்சபையாரின் காலக் கணிப்பிலிருந்து பெறப்பட்டதா என்பது இன்றும் விவாதத்திற்குரியது. ஆயின், ஒரு பண்டிகை எங்கிருந்து வந்தது என்னும் வினாவோடு, அது எவர்க்கு எதனை அளித்தது என்னும் வினாவும் எழுப்பப்படல் வேண்டும். இவ்வகையில் இங்கிலாந்தின் அனுபவம் நோக்கற்பாலது.

நிலமானிய கால இங்கிலாந்தில் நத்தார் பன்னிரு நாள் விழாவாக விளங்கியது. வயல்வேலை குறைந்த குளிர்காலத்தில் அது வந்தமையால் குடியானவர்க்கும் ஏவலாளர்க்கும் நீண்ட ஓய்வாக அமைந்தது. பதினேழாம் நூற்றாண்டில் செல்வாக்குப் பெற்ற பியூரித்தன்கள் இவ்விழாவைக் கடிந்தனர். வேதாகமத்தில் அத்தினத்துக்கு ஆதாரமில்லை என்பது அவர்தம் வாதம். விழாக்காலக் குடியும் சூதும் அவர்தம் வெறுப்பை மிகுவித்தன. 1647 யூனில் பாராளுமன்றம் நத்தார் முதலிய திருநாள்களை ஒழித்தது. எனினும், மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையை ஏவலாளர்க்கும் தொழில்பயில்வோர்க்கும் ஓய்வு நாளாக அது வழங்கியமை கவனத்திற்குரியது. விழாவை ஒழிப்பினும் அது தந்த ஓய்வுக்கு ஈடு செய்தாக வேண்டும் என்பதைச் சட்டமியற்றியோரே உணர்ந்திருந்தனர்.

மக்கள் இவ்வீட்டினால் அமைதியுறவில்லை. அவ்வாண்டு டிசெம்பர் 25ஆம் திகதி கன்ரபெரி நகரில் வழமைபோற் சந்தை கூட வேண்டுமென மேயர் அறிவித்தார். கடை திறந்த சிலரை மக்கள் தாக்கினர்; தெருக்களிற் பந்து விளையாடினர்; மேயரும் தாக்கப்பட்டார். மறுவருடம் கலகக்காரர் மீது குற்றஞ்சாட்ட யூரிமார் மறுத்தனர். அதைத் தொடர்ந்த கொந்தளிப்பு, கென்ற் மாவட்டம் பாராளுமன்றத்துக்கெதிராகக் கிளர்ந்தெழுவதற்கு ஒரு காரணமாயிற்று.

1660இல் முடியாட்சி மீண்டதும் நத்தாரும் மீண்டது. ஆயினும், பாராளுமன்றச் சட்டத்தாற் செய்ய முடியாததைக் கைத்தொழிற் புரட்சி பெருமளவிற் செய்தது. ஆலைகளின் வேலைநேரம் பருவங்களைப் பொருட்படுத்தவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட விடுமுறை நாள்களைக் கொண்டிருந்த இங்கிலாந்து வங்கி 1834இல் அவற்றை நான்காகக் குறைத்தது. 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆலைகளில் உழைத்த சிறுவர்க்கும் இளைஞர்க்கும் நத்தார் தினத்தையும் பெரிய வெள்ளியையும், இவற்றுக்குப் புறம்பாக எட்டு அரைநாள்களையும் உறுதிசெய்தது. முன்னர் வழமையாகப் பெற்ற ஓய்வு இப்போது சட்டத்தின் துணைகொண்டு சிறிதளவே மீட்கப்பட்டது.

1843இல் சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய நத்தார்க் கதையில், எழுதுவினைஞன் ஒருவன் சம்பளத்துடன் அந்த ஒரு நாள் ஓய்வைப் பெறுவதை முதலாளி முணுமுணுப்புடனேயே ஏற்கிறான். கதையின் முடிவில் முதலாளி மனந்திருந்துகிறான். வரலாற்றிலோ உழைப்போர் தம் ஓய்வை முதலாளிமாரின் மனமாற்றத்தாற் பெற்றிலர். முறையீட்டாலும் போராட்டத்தாலும் சட்டத்தாலுமே பெற்றனர். பண்டிகை வரலாறு உழைப்பின் வரலாற்றோடு சேர்த்துப் பயிலப்படவேண்டியதன் அவசியத்தை இது உணர்த்துகின்றது.