கைப்பேசி யார் கையில்? கிள்ளான் பள்ளத்தாக்கில் இணையவழி மருத்துவ ஆலோசனையும் நோயாளியின் விருப்பமும்

இணையவழி மருத்துவ ஆலோசனையை நோயாளிகள் ஏற்பார்களா என்று ஆராய்வோர் பெரும்பாலும் இரண்டு மாதிரிகளை நாடுகிறார்கள். ஒன்று, ஃபிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. மற்றது, வெங்கடேஷும் சக ஆய்வாளர்களும் 2003இல் பல கோட்பாடுகளை இணைத்து உருவாக்கியது. பயன் உண்டா, எளிதா, சுற்றியிருப்போர் என்ன சொல்கிறார்கள், வசதி இருக்கிறதா என்று கேட்டு, ஒரு தனிமனிதரின் ‘பயன்படுத்தும் எண்ணத்தையும்’ பயன்பாட்டையும் இவை கணிக்கின்றன. அலுவலகத்தில் கணினி புழங்குவதை விளக்கப் பிறந்த கருவிகள் இவை. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள தமிழ் நோயாளிகளுக்கு இவற்றை அப்படியே பொருத்தினால் விடை பிழைபடும் என்பது என் வாதம். மருந்து எப்படி வருகிறது, எம்சி எனப்படும் மருத்துவ விடுப்புச் சான்றை யார் தருகிறார், கைப்பேசி யார் கையில் இருக்கிறது ஆகிய ஏற்பாடுகளே இங்கு விருப்பத்தைத் தீர்மானிக்கின்றன.

மலேசியா இத்துறைக்குப் பிந்தி வந்த நாடு அன்று. 1996இல் தொடங்கிய பல்லூடகப் பெருவழித் திட்டத்தில் தொலைமருத்துவத்துக்கு முதன்மை இடம் இருந்தது. 1997இலேயே தொலைமருத்துவச் சட்டமும் நிறைவேறியது. நோயாளி எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும், அச்சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றெல்லாம் அதில் உண்டு. சட்டம் மட்டும் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலானது. அந்த நெருக்கடியில் சுகாதார அமைச்சு ‘டாக்டர்ஆன்கால்’ என்ற தனியார் தளத்தோடு கைகோத்துக் கோவிட் ஆலோசனை வழங்கியது. மலேசிய மருத்துவ மன்றம் மெய்நிகர் ஆலோசனைக்கென அறிவுரைக் குறிப்பு வெளியிட்டது. அந்நாட்களின் பயன்பாட்டை மக்களின் விருப்பத்துக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. கதவு பூட்டியிருந்தபோது சன்னல் வழியாகப் பேசியவர்கள் சன்னலை விரும்பியவர்கள் ஆகிவிடமாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவிலோ தமிழ் பேசும் மருத்துவரைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு இல்லை. மலேசியத் தனியார் கிளினிக்கில் பார்க்கும் மருத்துவரே மருந்தும் தருகிறார். கவுண்டரில் பெயர் கூப்பிட்டால் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போகலாம். அரசு கிளினிக்கிலோ குடிமக்களுக்கு மருந்தும் சேர்த்து ஒரே ஒரு வெள்ளி (ரிங்கிட்). இணைய ஆலோசனை இந்த ஒற்றை நடையை இரண்டாக உடைக்கிறது: பேச்சு இப்போது, மருந்து பிறகு. எம்சி விவகாரம் இன்னும் கடினம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்புக்கு மருத்துவர் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். ஆலைத் தொழிலாளி, முதலாளி நியமித்த ‘பேனல்’ கிளினிக்குக்குப் போவது காய்ச்சலுக்காக மட்டுமா? வினாப்பட்டியல்களில் இக்கேள்விக்குப் பெரும்பாலும் இடமே இல்லை.

தொலைவிலிருக்கும் மருத்துவர் இச்சமூகத்துக்குப் புதியவரும் அல்லர். காப்பார், பந்திங், கேரித் தீவுப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்த முதியவர்களுக்கு இது தெரியும். அன்றாடம் நோயாளியைப் பார்த்தவர் ‘டிரெஸ்ஸர்’ எனப்பட்ட மருத்துவ உதவியாளர்; மருத்துவர் முறைவைத்து வந்துபோனார். இவ்வுதவியாளர்களைப் பதிவுசெய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. டிரெஸ்ஸரை நான் புனிதராக்கவில்லை. அவர் நிர்வாகத்தின் சம்பளக்காரர். தொழிலாளி வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதில் அவர் சொல்லே எடுபட்டது. ஆயினும் குடும்பத்தை அறிந்து, சொன்னதைக் கேட்டு, மருந்தைக் கையில் கொடுத்த ஒரு மனிதர் நடுவில் நின்றார். செயலியில் இல்லாதவர் அவர்தான்.

அந்த இடத்தை இன்று மகனோ மகளோ நிரப்புகிறார்கள். தாயின் ‘பயன்படுத்தும் எண்ணம்’ என்று படிவத்தில் பதிவாவது, உண்மையில் மகளுக்கு வேலைமுடிந்து கிடைக்கும் ஓய்வுநேரம். மகன் கைப்பேசியைப் பிடித்திருக்க, கருப்பைக் கோளாறைப் பற்றி எந்தத் தாய் வாய் திறப்பார்? அவர் மறுப்பதைத் தொழில்நுட்ப அச்சம் என்று வகைப்படுத்துவது அவருக்கு இழைக்கும் அநீதி. 1997ஆம் ஆண்டுச் சட்டமும் மருத்துவருக்கு எதிரே ஒரு நோயாளி மட்டுமே இருப்பதாக எண்ணித்தான் சம்மதம் கேட்டது.

இளம் ஊழியர்கள் தோல் நோய்க்கும் மனச்சோர்வுக்கும் முகம் தெரியாத மருத்துவரையே விரும்பலாம், அதை மறுக்கவில்லை. எண்ணிக்கையில் கனத்த பிரச்சினை வேறு. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இது 31.4 விழுக்காடு. மருத்துவத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைந்தவர்கள் 35.1 விழுக்காடு என்றும் அதே ஆய்வு கண்டது. நீரிழிவுக்காரருக்கு வாழ்நாள் முழுதும் மறுவருகைகள். இரத்தப் பரிசோதனை முடிவைப் பேசுவதும் மருந்தின் அளவை மாற்றுவதும் அறிமுகமான மருத்துவரோடு தொலைபேசியிலேயே முடியும். மருந்தை அஞ்சலில் அனுப்பும் சேவை அரசிடம் ஏற்கெனவே உண்டு. மரத்துப்போன பாதத்தைத் தொட்டுப் பார்க்க மட்டும் நேரில் வந்தாக வேண்டும். ஆகவே முதல் சந்திப்பை இணையத்துக்கு இழுக்க விளம்பரம் செய்வதைவிட, மறுவருகைகளை அரசு கிளினிக்கே தமிழறிந்த ஒரு தாதியின் துணையோடு தொலைபேசிக்கு மாற்றுவது பலன் தரும்.

அடுத்த வினாப்பட்டியலைத் தயாரிக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘பயன்படுத்துவீர்களா’ என்று கேட்குமுன், பேசும்போது பக்கத்தில் யார் இருப்பார், மருந்தை யார் கொண்டுவந்து தருவார், எம்சி கிடைக்குமா என்ற மூன்றையும் தமிழிலேயே கேளுங்கள்.