அத்தையின் புருவமும் ஒரு சுரப்பியின் சரித்திரமும்

எங்கள் குடும்ப ஆல்பத்தில், 1961-ல் நாக்பூர் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த போட்டோ இருக்கிறது. அப்பா, அம்மா, அரை டிராயரில் நான், அம்மா மடியில் என் தங்கை. ஓரத்து நாற்காலியில் அப்பாவின் அக்கா. அத்தைக்கு அப்போது ஐம்பது வயது கூட நிரம்பவில்லை. முகம் உப்பி, இமைகள் கனத்து, பாதித் தூக்கத்தில் எழுப்பி உட்கார்த்தி வைத்தாற்போல் இருப்பார். புருவங்களின் வெளிக்கோடியில் ரோமமே இல்லை. போட்டோ பழசாகி மங்கிவிட்டது என்றுதான் அறுபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாக்பூரின் மே மாத வெயிலைப் பற்றி அங்கே இருந்த அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலிலும் அத்தை கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குரல் ஆண் குரல் மாதிரி கரகரக்கும். ஏதாவது கேட்டால் பதில் வர அரை நிமிஷம் ஆகும். ஊரிலிருந்து தபாலில் வரும் வாரப் பத்திரிகையை ஆசையாக எடுப்பார், இரண்டு பக்கம் தாண்ட மாட்டார். "எழுத்தெல்லாம் கலங்கறதுடா, நீ படிச்சுச் சொல்லேன்" என்று என்னிடம் நீட்டுவார். அப்பா இரண்டு தடவை கண்ணாடி மாற்றிக் கொடுத்தார். பிரயோஜனப்படவில்லை. வீட்டில் சோம்பல் என்றார்கள், வயசு என்றார்கள். நான் வைத்த பெயர் கும்பகர்ணி. அத்தை 1968-ல் காலமானார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஜபல்பூரில் இருக்கும் என் தங்கை. அவள் கதைக்குப் பிறகு வருகிறேன். அவளுக்கு வியாதியின் பெயர் தெரிந்த நாளிலிருந்து அதன் சரித்திரத்தைத் தேடிப் படித்து வருகிறேன். நான் டாக்டர் அல்ல, கணக்கு இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். தேதிகளைச் சரிபார்ப்பது மட்டும் பழக்கம்.

1873-ல் லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த சர் வில்லியம் கல் என்ற வைத்தியர், தன்னிடம் வந்த சில நடுத்தர வயதுப் பெண்களைப் பற்றி ஒரு மருத்துவ சபையில் கட்டுரை வாசித்தார். நீள்வட்டமாக இருந்த முகம் உருண்டையாகிவிடுகிறது, நாக்கு தடிக்கிறது, சுபாவமே மந்தமாகிறது என்பது அவர் கண்டது. வேல்ஸ் இளவரசரின் டைபாய்டு ஜுரத்துக்கு வைத்தியம் பார்த்துப் பட்டம் பெற்றவர் அவர். ஆனால் இந்தப் பெண்களின் நிலைக்குக் காரணம் என்ன என்று அவருக்கே தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை கிடையாது, எக்ஸ்ரே கூடக் கிடையாது. முகத்தை உற்றுப் பார்த்தார், அவ்வளவுதான். நாலைந்து வருஷம் கழித்து வில்லியம் ஆர்டு என்பவர் இதற்கு மிக்ஸெடிமா என்று பெயர் வைத்தார்.

காரணம் தெரிய வந்தது வேறொரு திசையிலிருந்து. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து சர்ஜன் தியோடர் கோக்கர், கழுத்துக் கழலைகளை அறுத்தெடுப்பதில் நிகரற்றவர். தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்ட தன் பழைய நோயாளிகளை மறுபடி வரவழைத்துப் பார்த்தபோது, பலர் உப்பி, மந்தமாகி, அடையாளம் மாறிப் போயிருந்தார்கள். 1883-ல் அதை அவரே வெளியிட்டார். தன் கைவேலையால் வந்த கெடுதலைத் தானே ஊருக்குச் சொல்வது லேசான காரியமா? 1909-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. லண்டன் சபை ஒரு கமிட்டி போட்டு, 1888-ல் சுரப்பி வேலை செய்யாததுதான் காரணம் என்று முடிவுக்கு வந்தது.

மருந்து வர மூன்றே வருஷம் பிடித்தது. 1891-ல் நியூகாஸில் ஊரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். சில மாதங்களில் முக வீக்கம் வடிந்தது, பேச்சும் நடையும் திரும்பின. மறு வருஷமே, ஊசி வேண்டாம், வாய்வழியாகக் கொடுத்தாலே போதும் என்று வேறு இருவர் கண்டார்கள். அந்தப் பெண்மணி 1919-ல், 74 வயதில்தான் காலமானார். 28 வருஷத்தில் அவருக்குச் செலவான ஆட்டுச் சுரப்பிகள் சுமார் 870 ஆடுகளுடையவை என்று மர்ரே கணக்கு எழுதியிருக்கிறார். (வெஜிடேரியன் வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் அந்தச் சத்தைத் தனியே பிரித்தார். 1927-ல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ரசாயன முறையில் செய்தார்கள். இன்று நம் வீடுகளில் இருக்கும் தைராக்ஸின் மாத்திரையில் இருப்பது அந்தச் செயற்கைச் சரக்குதான்.)

1891 எங்கே, 1961 எங்கே! எழுபது வருஷம். மருந்து உலகத்தில் இருந்தது, எங்கள் அத்தைக்கு இல்லை.

ஏன் என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். நம் தேசத்தில் தைராய்டு என்றால் மலைப்பிரதேசத்துக் கழுத்து வீக்கம் என்பதாகவே பேச்சு இருந்தது. பிற்பாடு குன்னூரில் ஆராய்ச்சி செய்து பெயர் பெற்ற மக்காரிசன், முதலில் கில்கித் பள்ளத்தாக்கில் கழலை நோயைத்தான் ஆராய்ந்தார். டாக்டர் ராமலிங்கஸ்வாமியும் அவர் சகாக்களும் 1956-ல் காங்க்ராவில் ஆரம்பித்த அயோடின் உப்பு ஆராய்ச்சியும், அதை ஒட்டி 1962-ல் வந்த அரசாங்கத் திட்டமும் லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய மகத்தான காரியங்கள். ஆனால் கழுத்தே வீங்காமல், சமவெளி நகரத்தில், உப்புக்குக் குறைவில்லாத வீட்டில் இந்த வியாதி வரலாம் என்பது சாமானியர்களுக்குத் தெரியவில்லை. உடம்பின் தற்காப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் இந்த ரகத்தில், தாக்கப்பட்ட சுரப்பி எப்படி இருக்கும் என்பதை ஜப்பானிய டாக்டர் ஹாஷிமோட்டோ 1912-லேயே எழுதியிருந்தார். காரணம் 1956-ல் லண்டனில் புலப்பட்டது. இது குடும்பத்தில் தொடரக்கூடியது.

இனி தங்கை. மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்குக் கண் எரிச்சல், காலையில் இமை வீக்கம், மாலையில் எழுத்து மங்கல். ஒரே வருஷத்தில் கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை பவர் மாற்றினாள். அத்தைக்கு நடந்த அதே கூத்து. கடைசியில் ஒரு கண் டாக்டரம்மா, விளக்கைக் கண்ணில் அடிப்பதற்கு முன்னால் புருவத்தைப் பார்த்தார். வெளிக்கோடியில் முடி இல்லை. பெல்ஜியத்து டாக்டர் ஹெர்டோகே என்பவர் பெயரால் வழங்கும் பழைய அடையாளம் அது. வேறு காரணங்களாலும் உதிரலாம் என்பதால், உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். டி.எஸ்.எச். சுமார் 4 வரை இருக்கலாம். அவளுக்கு 90.

மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து போன் செய்தாள். "அண்ணா, இந்த மாத்திரைதான் கண்ணைக் கெடுக்கறது. நிறுத்திட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவளையே அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். சுரப்பு குறைந்தால் கண்ணீர் குறைகிறது, இமைத் தசையில் நீர் கோக்கிறது. மங்கலுக்குப் பெரும்பாலும் இவையே காரணம். கண்ணைப் பிதுக்கி இரட்டையாகத் தெரிய வைக்கும் தைராய்டு கண் நோய், சுரப்பு அதிகமானவர்களுக்கே அதிகம் வந்தாலும் குறைந்தவர்களில் சிலருக்கும் வரும். வருஷக்கணக்கில் வைத்தியம் பார்க்காமல் விட்டால், டி.எஸ்.எச். சுரக்கும் பிட்யூட்டரியே பெருத்து, மேலே செல்லும் பார்வை நரம்பை அழுத்தி, இரு பக்கப் பார்வையையும் குறைக்கலாம். கட்டி என்று நினைத்துத் தலையில் ஆபரேஷன் செய்யப்பட்டவர்களும் உண்டு. மாத்திரையிலேயே அந்த வீக்கம் சுருங்கிவிடும் என்றார். மாத்திரையால் கெடுதலே வராதா என்று கேட்டேன். மிக அபூர்வமாக, பெரும்பாலும் குழந்தைகளுக்கு, ஆரம்பித்த புதிதில் மண்டைக்குள் அழுத்தம் கூடித் தலைவலியோடு பார்வை மங்கலாம். அப்படியானால் தாமதிக்காமல் வர வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்றார்.

பிறகு தங்கையைப் பார்த்து, "மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள்?" என்றார்.

"காபியோடதான். வெறும் வயத்துலன்னு சொன்னேளே?"

டாக்டர் சிரித்துவிட்டார். காபி இந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது என்று 2008-ல் இத்தாலியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது எஸ்பிரஸோ. நம் ஃபில்டர் டிகாக்ஷன் அதற்கு எந்த விதத்தில் குறைந்தது? தங்கை இரண்டு மாதமாக விழுங்கிய மருந்தில் ஒரு பகுதி வீணாகியிருக்கும்.

இப்போது ஐந்தரைக்கு மாத்திரையும் தண்ணீரும், ஆறரைக்குக் காபி. மூன்றாம் மாதம் இமை வீக்கம் வடிந்தது, எரிச்சல் குறைந்தது. மங்கல் முழுவதும் போகவில்லை. ஒரு கண்ணில் புரை ஆரம்பம், அது வேறு கணக்கு. புருவம் கொஞ்சம் முளைத்திருக்கிறது.

போன தீபாவளிக்கு அந்த 1961 போட்டோவைப் பிரதி எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் பெண் அதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாள். கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதாம். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.