லோஸ் அல்ஃபாக்கெஸ் டேங்கர் லாரி விபத்து (1978)

எசுப்பானியாவின் கிழக்குக் கடற்கரையில், தாரகோனா மாகாணத்தின் அல்கனார் ஊரை அடுத்து லோஸ் அல்ஃபாக்கெஸ் என்னும் சுற்றுலாக் கூடார முகாம் உள்ளது. 1978 சூலை 11 அன்று பிற்பகல் இரண்டரை மணியளவில் அதன் அருகே ஒரு டேங்கர் லாரி வெடித்து, 217 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் செருமனி, பிரான்சு, பெல்சியம் ஆகிய நாடுகளிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்தவர்கள். லாரி ஓட்டுநரும் இறந்தார்.

விபத்தின் வேர் முகாமிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், சரக்கு ஏற்றிய சுத்திகரிப்பு ஆலையில் இருந்தது. லாரியில் இருந்தது திரவமாக்கப்பட்ட புரொப்பிலீன். தொட்டியின் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு சுமார் 19 டன். ஏற்றப்பட்டதோ 23 டன்னுக்கும் மேல். இத்தகைய திரவம் வெயிலில் சூடேறும்போது வெகுவாக விரியும். அதற்காகவே தொட்டியின் மேற்பகுதியில் வெற்றிடம் விடுவார்கள். வழிய வழிய நிரப்பிய தொட்டியில் விரிய இடமில்லை. மிகை அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வும் அந்தத் தொட்டியில் இல்லை. முன்பு அதில் அம்மோனியா ஏற்றிச் சென்றிருந்ததால் எஃகு நலிந்திருக்கலாம் என்றும் கருதப்பட்டது. வாயு முதலில் கசிந்து தீப்பற்றியதா, தொட்டியே முதலில் பிளந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அளவுக்கு மீறிய சுமை பற்றி அத்தகைய வேறுபாடு இல்லை.

லாரி வந்த வழியும் கவனிக்கத்தக்கது. சுங்கம் செலுத்திச் செல்லும் விரைவுச்சாலை இருந்தும், ஊர்களின் நடுவே செல்லும் பழைய கடற்கரைச் சாலையில் அது வந்தது. முகாமோ அச்சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுகிய நிலம். நீச்சலுடையில் இருந்த மக்களுக்குத் தீப்பிழம்பிலிருந்து உடலை மறைக்கத் துணிகூட இல்லை. பலர் கடலை நோக்கி ஓடினர்.

காயமடைந்தோரின் நிலை பின்னாளில் மருத்துவர்களின் ஆய்வுப் பொருளாயிற்று. எரிந்த லாரி சாலையை அடைத்துக்கொண்டதால், காயமடைந்தோர் இரு திசைகளில் பிரிந்தனர். வடக்கே பார்சிலோனாவுக்குச் சென்றோருக்கு வழியிலேயே சிகிச்சை கிடைத்தது. தெற்கே வாலென்சியாவுக்குச் சென்றோரில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. தீக்காயம் தோலோடு நிற்பதில்லை. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். முதல் சில மணி நேரத்துக்குள் நரம்பு வழியே உப்புநீர்க் கரைசல் ஏற்றாவிட்டால் இரத்த ஓட்டமே தளர்ந்து, சிறுநீரகமும் செயலிழக்கும். காயத்தின் கடுமை இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆயினும் முதல் நான்கு நாட்களில் உயிரோடிருந்தவர்கள் வடக்கே 93 விழுக்காடு, தெற்கே 45 விழுக்காடு. அவர்களிலும் பலர் அடுத்து வந்த வாரங்களில் இறந்தனர் என்பதையும் சேர்த்தே இக்கணக்கைப் படிக்க வேண்டும்.

இத்தகைய விபத்துகளில் பழி முதலில் ஓட்டுநர் மேல்தான் விழும். இங்கே விசாரணை அதைக் கடந்து சென்றது. அதற்கு முந்தைய மாதங்களிலும் அந்த ஆலையிலிருந்து பல லாரிகள் அளவுக்கு மீறிய சுமையுடன் வெளியேறியிருந்தன. 1982இல் ஆலையையும் லாரி நிறுவனத்தையும் சேர்ந்த ஆறு பேர் கவனக்குறைவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். ஆபத்தான சரக்கு ஏற்றிய லாரிகள் மக்கள் வாழும் பகுதிகளின் ஊடே செல்வதற்கும் எசுப்பானியா கட்டுப்பாடு விதித்தது.