கர்ப்பகால நீரிழிவும் மரபணுவும்: விருத்தாசலத்தை முன்வைத்து ஒரு வாதம்

கர்ப்பகால நீரிழிவில் மரபணுவுக்குப் பங்குண்டு என்பது இன்று ஐயமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டே, யாருக்குச் சர்க்கரைப் பரிசோதனை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று கர்ப்பிணிகளைப் பிரித்துவிடலாம் என்ற எண்ணமும் கூடவே வளர்கிறது. விருத்தாசலம் போன்ற ஊருக்கு அந்த வழி உதவாது.

கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. கணையத்தின் பீட்டா செல்கள் கூடுதலாகச் சுரந்து அதை ஈடுகட்ட வேண்டும். பச்சை மண்ணில் கண்ணுக்குப் படாத கீறல் சூளையில் வெந்த பிறகே தெரியும் என்பது இவ்வூர்ப் பீங்கான் தொழிலாளர் அறிந்தது. பீட்டா செல்லின் பிறவிக் குறையும் இந்தச் சுமையில்தான் வெளிப்படுகிறது. 2012இல் வெளியான கொரிய ஆய்வு சிடிகேஏஎல்1, எம்டிஎன்ஆர்1பி ஆகிய மரபணுக்களைச் சுட்டியது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2015இல் தென்னிந்தியப் பெண்களிடமும் சிடிகேஏஎல்1 தொடர்பைக் கண்டனர். 2024இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு, நோயுற்ற 12,332 பெண்களின் தரவிலிருந்து 13 மரபிடங்களைக் காட்டியது. ஆனால் இத்தகைய மாறுபாடு ஒவ்வொன்றும் அபாயத்தைச் சிறிதளவே கூட்டுகிறது. அது இல்லாதவருக்கும் நோய் வரும்; இருப்பவர் பலருக்கு வராது.

டாக்டர் வி. சேஷய்யா குழுவினர் 2008இல் வெளியிட்ட தமிழ்நாட்டு ஆய்வு இதைவிட அழுத்தமாகப் பேசுகிறது. இந்நோய் கண்ட கர்ப்பிணிகள் நகரத்தில் 17.8 விழுக்காடு, சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இம்மூன்றுக்கும் இடையே ஓயாமல் நடக்கின்றன; மரபணு மட்டுமே இவ்வளவு வேறுபாட்டைத் தந்திருக்க முடியாது. உடல் எடை, உணவு, உழைப்பு, கருத்தரிக்கும் வயது ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தாய்மாமன் திருமணத்தின் மேல் பழி போடுவோரும் உண்டு. அத்திருமணம் கூட்டுவது பெரும்பாலும் ஒற்றை மரபணு ஒடுங்குநிலை நோய்களை. பல மரபணுக்கள் சேர்ந்து தரும் இந்நோயின் கணக்கு வேறு.

ஆகவே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை என்று தமிழ்நாடு அரசு 2007இல் எடுத்த முடிவே சரியானது. 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ரத்த மாதிரி, 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய். வெறும் வயிறு தேவையில்லை. மங்கலம்பேட்டைப் பக்கமிருந்து காலையில் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறி வரும் பெண்ணை, 'நாளைக்குப் பட்டினியா வாம்மா' என்று திருப்பியனுப்பினால் அவர் மறுபடி வருவது அரிது.

மரபணுச் சோதனை உண்மையிலேயே தேவைப்படுவோர் சிலர் இருக்கிறார்கள். ஜிசிகே மரபணுக் குறையால் சர்க்கரை பிறவியிலிருந்தே சற்று உயர்ந்திருக்கும் தாய்க்கு, சிசுவும் அதே குறையைப் பெற்றிருந்தால், கடுமையான இன்சுலின் சிகிச்சை சிசுவின் வளர்ச்சியைக் குறைத்துவிடக்கூடும். மற்றப் பெண்களுக்கு அந்தப் பணத்தைப் பிரசவத்துக்குப் பிந்தைய கண்காணிப்பில் செலவிடுவதே மேல். இந்நோய் வந்த தாய்க்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் ஏறத்தாழ பத்து மடங்கு என்று 2020இல் வெளியான தொகுப்பாய்வு கணித்தது. ஆறாவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட அவர் எப்படியும் வருகிறார். அன்றே, அதே இடத்தில், தாய்க்கும் குளுக்கோஸ் கொடுத்து ரத்தம் எடுத்துவிடலாம்.