இலக்கண நூலும் உரையாடல் நூலும்: பல்கலைக்கழகத் தொடக்கநிலைச் சீனமொழிக் கல்வியின் வரலாறு

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலைச் சீனம் பயிலும் மாணவர் கைக்கொள்ளும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பை உடையன. முதலில் இருவர் பேசும் உரையாடல், அதனை அடுத்துப் புதுச்சொற்கள், பின்னர் இலக்கணக் குறிப்பு, இறுதியில் பயிற்சி. இவ்வமைப்பு இயல்பானது போலத் தோன்றினும், இலக்கணமும் உரையாடலும் ஒரே நூலுக்குள்ளும் ஒரே வகுப்பறைக்குள்ளும் வந்து சேர ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின. அவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் இடமுண்டு. அதனைச் சுருக்கமாக ஆராய்ந்து, தமிழறிந்த மாணவர்க்கும் தமிழாசிரியர்க்கும் அதனால் விளையும் பயனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு வழக்குகள்

சீனத்தில் நெடுங்காலம் இரு வழக்குகள் நிலவின. ஒன்று, பண்டைய நூல்களை ஒட்டி எழுதப்பட்ட வென்யான் என்னும் இலக்கிய நடை. மற்றொன்று, அதிகாரிகளிடையே பொதுமொழியாக வழங்கிய குவான்ஹுவா என்னும் பேச்சு வழக்கு. அயல்நாட்டார் இவற்றுள் எதனை முதலில் கற்பது என்னும் வினா அன்றே எழுந்தது. பிரான்சிஸ்கோ வாரோ என்னும் சமயத்தொண்டரின் இலக்கணம் 1703-இல் காண்டனில் வெளிவந்தது. அது பேச்சு வழக்கையே விளக்கியது. இயேசு சபையைச் சார்ந்த பிரெமார் 1728-இல் இலத்தீனில் எழுதி முடித்த சீன இலக்கணமோ இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி மக்கள் வழக்கையும் இரண்டாம் பகுதி நூல் வழக்கையும் விளக்கின.

அதே 1728-ஆம் ஆண்டில்தான் அதே சபையைச் சார்ந்த வீரமாமுனிவர் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார் என்பதும், 1730-இல் செந்தமிழுக்கென வேறோர் இலக்கணம் எழுதினார் என்பதும் இங்கு ஒப்பு நோக்கத்தக்கன. இருவேறு நாடுகளில் பணியாற்றிய இருவரும் ஒரே சிக்கலுக்கு ஒத்த தீர்வையே கண்டனர் எனலாம்.

சேராம்பூர் அச்சகம்

காண்டனில் வாழ்ந்த ஐரோப்பிய வணிகர்க்குச் சீனம் கற்பது எளிதாக இருக்கவில்லை. 1759-இல் ஜேம்ஸ் பிளிண்ட் என்னும் ஆங்கிலேயர் பேரரசருக்கு முறையீடு செய்தபோது, அதனை எழுத உதவிய சீனர் மரண தண்டனை பெற்றார். அயலாருக்கு மொழியால் உதவுவது உயிருக்கே இடராகிய காலம் அது.

இச்சூழலில் ஆங்கில வழியிலான தொடக்கச் சீன இலக்கணங்கள் இரண்டு வங்காளத்துச் சேராம்பூரில் அச்சேறின. முதலாவது, ஜாசுவா மார்ஷ்மன் 1814-இல் வெளியிட்ட நூல். அவர் சீனம் சென்றவரல்லர். மக்காவில் பிறந்த ஆர்மீனியரான லாசரிடம் இந்தியாவிலேயே சீனம் பயின்றவர். கன்பூசியரின் நூல்களில் தோய்ந்த அவர், பண்டைய நடையையே பெரிதும் அடிப்படையாகக் கொண்டார். இரண்டாவது, ராபர்ட் மாரிசனின் இலக்கணம். 1807 முதல் காண்டனிலும் மக்காவிலும் வாழ்ந்த அவர் அதனை 1811-இல் எழுதி முடித்தார். 1815-இல்தான் அது அச்சேறியது. அடுத்த ஆண்டே உரையாடல்களும் தனித்தொடர்களும் அடங்கிய நூல் ஒன்றை அவர் மக்காவில் வெளியிட்டார். ஒவ்வொரு சீனத் தொடருக்கும் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பும் பொருள்வழிப் பெயர்ப்பும் அதில் தரப்பட்டுள்ளன.

ஒருவரே எழுதினும் இலக்கணம் ஒரு நூல், உரையாடல் வேறொரு நூல் என்றே இவை நின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

மலாக்காவிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

மாரிசன் 1818-இல் மலாக்காவில் ஆங்கில-சீனக் கல்லூரியை நிறுவினார். பாரிசு அரச நூலகத்தில் ஒரு நூற்றாண்டு கையெழுத்துப் படியாகக் கிடந்த பிரெமாரின் இலக்கணம் 1831-இல் இக்கல்லூரியிலேயே அச்சேறியது. இக்கல்லூரியின் முதல்வராக இருந்த சாமுவேல் கிட், 1837-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சீனப் பேராசிரியரானார். பின்னாளில் முதல்வராக இருந்து, 1843-இல் கல்லூரியை ஹாங்காங்குக்கு மாற்றிய ஜேம்ஸ் லெக், 1876-இல் ஆக்ஸ்போர்டின் முதற் சீனப் பேராசிரியரானார். பிரித்தானியப் பல்கலைக்கழகச் சீனக் கல்வியின் ஒரு வேர் மலாக்காவில் உள்ளது என்பது இதனால் தெளிவாகும்.

எனினும் பல்கலைக்கழகங்கள் உரையாடலுக்கு உரிய இடம் தரவில்லை. பாரிசில் 1814-இல் ஏற்படுத்தப்பட்ட சீன இருக்கையை ஏற்ற ஆபெல் ரெமுசா, சீன மண்ணை மிதிக்காமல் நூல்வழியே மொழியைக் கற்றவர். அவர் 1822-இல் வெளியிட்ட இலக்கணம் பழைய நடை, புதிய நடை என இரண்டையும் விளக்கினும், நூல்களைப் படிப்பதற்கே வழிகாட்டியது. லெக் அவர்களின் புகழும் பண்டைய நூல்களின் மொழிபெயர்ப்பால் விளைந்ததே.

உரையாடற் பயிற்சி வேறோரிடத்தில் வளர்ந்தது. பீக்கிங்கிலிருந்த பிரித்தானியத் தூதரகத்தின் பயிற்சி மொழிபெயர்ப்பாளர்களுக்காக தாமஸ் வேட் 1867-இல் வெளியிட்ட பாடநூல், பயிற்சிகளையும் பத்து உரையாடல்களையும் சொல்வகை பற்றிய பகுதியையும் ஒருங்கே கொண்டிருந்தது. அலுவலகத் தேவைக்காகவே இவ்விணைப்பு நிகழ்ந்தது. வேட் 1888-இல் கேம்பிரிட்ஜின் முதற் சீனப் பேராசிரியரானார்.

பேச்சு எழுத்தான காலம்

இருபதாம் நூற்றாண்டில் நிலை மாறியது. 1917 முதல் வலுப்பெற்ற பைஹுவா இயக்கம் பேச்சு வழக்கை எழுத்து வழக்காக உயர்த்தியது. 1920-இல் சீனக் கல்வி அமைச்சு, தொடக்கப்பள்ளிப் பாடநூல்களில் அவ்வழக்கைப் புகுத்த ஆணையிட்டது. இதனால் படிப்பதற்கு ஒரு மொழி, பேசுவதற்கு ஒரு மொழி என்னும் பிரிவு தளர்ந்தது.

இலண்டன் கீழ்த்திசைக் கல்விக்கழகத்தில் 1924 முதல் 1929 வரை சீனம் கற்பித்த நாவலாசிரியர் லாவ் ஷெ, இசைத்தட்டுப் பாடங்களுக்குத் தம் குரலை வழங்கினார். நாடு திரும்பும் வழியில் சிங்கப்பூரில் தங்கி ஆசிரியப் பணி புரிந்த அவர், சிங்கப்பூர்ச் சிறுவன் ஒருவனைத் தலைவனாகக் கொண்ட கதையை எழுதத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது ஹார்வர்டில் படைவீரர்க்குச் சீனம் கற்பித்த மொழியியலறிஞர் சாவ் யுவான்ரென், அவ்வனுபவத்தின் பயனாக 1948-இல் மாண்டரின் பாடநூலை வெளியிட்டார். ஒலிப்பயிற்சி, உரையாடல், இலக்கணம் ஆகிய மூன்றும் அதில் ஒருங்கிணைந்தன. 1958-இல் பின்யின் என்னும் உரோமன் எழுத்துமுறை சீன அரசின் ஏற்பைப் பெற்றது. 1981 முதல் வெளிவந்த நடைமுறைச் சீனப் பாடநூல் இவ்வமைப்பை உலகெங்கும் பரப்பியது.

தமிழறிந்த மாணவர்

இப்பாடநூல்களின் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தவர்க்கு எது புதுமையோ அதனையே விரித்துரைக்கின்றன. தமிழர்க்கு எளியதும் அரியதும் வேறு. சான்றாக, ‘தா ஷி லாவ்ஷி’ என்றால் அவர் ஆசிரியர் என்பது பொருள். இறுதியில் ‘மா’ சேர்ந்தால் ‘அவர் ஆசிரியரா?’ என வினாவாகும். தமிழின் ஆகார வினாவும் இவ்வாறே இறுதியில் நிற்கின்றது. ‘மாய் ஷூ த ரென்’ என்பது ‘நூல் வாங்கும் மனிதர்’ எனப் பொருள்படும். வினையும் செயப்படுபொருளும் இடம் மாறி நிற்பினும், அடைத்தொடர் பெயருக்கு முன் வருவது நம் பெயரெச்சத் தொடரைப் போன்றதே. எண்ணுக்கும் பெயருக்கும் இடையே அளவைச்சொல் வருதலை நம் மாணவர் மலாய் மொழியில் முன்பே அறிவர். ‘தீகா ஓராங் குரு’ என்பதும் ‘சான் க லாவ்ஷி’ என்பதும் ஒரே அமைப்புடையன.

அரியது ஒலிப்பே. ‘மா’ என்னும் ஓரசையே தொனி வேறுபாட்டால் தாய், சணல், குதிரை, திட்டு என நாற்பொருள் தரும். பின்யினில் வேறெழுத்துப் பெறும் மூச்சொலியுடைய பகரமும் மூச்சொலியற்ற பகரமும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே தமிழ் மாணவர்க்கான வகுப்பில் இலக்கண விளக்கத்தைக் குறைத்து ஒலிப்பயிற்சிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவதே பொருத்தமாகும்.

முடிவுரை

இவ்வரலாறு தமிழாசிரியர்க்கும் உரியது. சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு 2005-இல் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தர வலியுறுத்தியது. சீனம் பேச்சு வழக்கை எழுத்தாக்கிச் சிக்கலைத் தளர்த்தியது. தமிழின் இரு வழக்குகளோ இன்றும் உயிர்ப்புடன் உள்ளன. ஆதலின், பல்கலைக்கழகத்தில் தமிழைப் புதிதாகக் கற்கும் பிறமொழியாளர்க்கு அவற்றுள் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் கற்பிப்பது முறையன்று. பிரெமாரும் வீரமாமுனிவரும் செய்தது போல இரண்டையும் வேறுபடுத்திக் காட்டி, உரையாடலில் தொடங்கி நூல் வழக்கிற்கு இட்டுச் செல்லும் பாடநூலே நமக்கு வேண்டற்பாலது.